கால் எட்டாத பைக்கை என்ன செய்தோம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஒரு பைக் சும்மா நிற்கிறது, அதை ஓட ஆசைப்படுகிற ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்றால் கட்டாயம் வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பாடசாலை வாசலில் பெற்றோர், பட்டாணிச்சூரில் கடைக்குப் போனால் ராத்தாமார், பெற்றோல் செட் வரிசையில் முன்பின் தெரியாதவர்கள். "ரீச்சர், நீங்க இந்த உயரம், பைக் அந்த உயரம். கால் எப்படி நிலத்தில எட்டுது?" வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

என் உயரம் 4 அடி 11 அங்குலம். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் குழுப் படம் எடுத்தால் முன்வரிசையில் நடுவில் நிறுத்துவார்கள். வகுப்பில் கரும்பலகையின் மேல் விளிம்பில் திகதி எழுத எனக்கு ஒரு மாணவன் வேண்டும். இதெல்லாம் பழகிப்போன விசயம். ஒரு நாளும் அது என் வேலைக்குத் தடையாக இருந்ததில்லை. 2024 தொடக்கத்தில் வந்த இடமாற்றம்தான் முதல் தடவையாக உயரத்தை ஒரு பிரச்சினையாக்கியது.

புதிய பாடசாலை செட்டிகுளம் பக்கம். மன்னார் வீதியால் பம்பைமடு, பூவரசங்குளம் தாண்டிப் போய், பிறகு கிறவல் ரோட்டில் உள்ளே இறங்க வேண்டும். பஸ் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேரும்போது முதலாம் பாடம் பாதி முடிந்துவிடும். திரும்பி வருவதற்கு வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நிற்க வேண்டும். முதல் இரண்டு மாதம் காலையில் ஓட்டோ பிடித்தேன். சம்பளத்தில் எவ்வளவு போனது என்று இங்கே எழுதினால் உம்மா வாசித்துவிட்டுக் கவலைப்படுவா.

வீட்டில் ஒரு 100 சிசி பைக் நின்றது. இவர் கட்டாருக்குப் போகும்போது சாக்கு போட்டு மூடி வைத்துவிட்டுப் போனது. கிழமைக்கு ஒருதரம் தம்பி வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பான். அவ்வளவுதான்.

"ஸ்கூட்டி ஒன்று வாங்கலாமே" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். நடுவில் பாவித்த ஸ்கூட்டியின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். பழைய ஸ்கூட்டியைப் புதிய பைக்கின் விலைக்குக் கேட்டார்கள்.

காசை விட்டாலும் ரோட்டு இருக்கிறது. ஸ்கூட்டியின் சில்லு பெரும்பாலும் 10 அங்குல றிம். ரயரோடு சேர்த்து அளந்தால் விட்டம் 43 சென்ரிமீற்றர் அளவில் வரும். எங்கள் பைக்கின் சில்லு 17 அங்குல றிம். ரயரோடு 57 சென்ரிமீற்றருக்கு மேலே. மாரியில் கிறவல் ரோட்டில் விழுகிற பள்ளத்தில் சின்னச் சில்லு இறங்கி நின்றுவிடும், பெரிய சில்லு ஏறிப் போய்விடும். அதோடு பெற்றோலையும் பாருங்கள். 2022இல் கியூஆர் கோட் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். அந்தக் காலத்தில் 100 சிசி பைக் வைத்திருந்தவர்கள்தான் கொஞ்சமாவது சமாளித்தார்கள். அந்த நாட்களை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே பைக் சரி, ரோட்டுக்குப் பொருத்தம், வீட்டிலேயே நிற்கிறது. ஒரே ஒரு குறை, என் கால் எட்டாது.

நான் படிப்பிப்பது கணிதம். எட்டாது என்று சொன்னால் எத்தனை சென்ரிமீற்றர் எட்டாது என்று கேட்டுத்தான் பழக்கம். இஞ்சி ரேப்பை எடுத்து அளந்தேன்.

நிலத்திலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை 81 சென்ரிமீற்றர். நான் ஏறி இருந்தால் பின் ஸ்பிரிங் அமுங்கி 2 சென்ரிமீற்றர் கீழே வருகிறது. ஆக 79. என் காலின் உள்நீளம் 68. அதை எப்படி அளப்பது என்றால், செருப்பில்லாமல் சுவரோடு முதுகைச் சாய்த்து நின்று, ஒரு கொப்பியைக் கால்களுக்கு இடையில் மேலே முட்டுமட்டும் வைத்து, கொப்பியின் மேல் விளிம்பை சுவரில் பென்சிலால் குறித்து, அங்கிருந்து நிலம் வரை அளக்க வேண்டும். செருப்பின் அடி 2 சென்ரிமீற்றர். கூட்டினால் 70. வித்தியாசம் 9 சென்ரிமீற்றர்.

குதியை உயர்த்தி விரல் நுனியில் நின்றால் 9 சென்ரிமீற்றரை எட்டிவிடலாம்தானே? கணக்குப்படி எட்ட வேண்டும். ஆனால் எட்டவில்லை. காரணம் சீட்டின் அகலம். என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரியே சொல்கிறேன். கவராயத்தின் இரண்டு காலையும் சேர்த்து நிறுத்துங்கள், அது உயரமாக நிற்கும். காலை விரியுங்கள், உயரம் குறையும். கவராயம் சின்னதாகிவிடவில்லை, கால்தான் சரிந்து நிற்கிறது. அகலமான சீட்டில் இருக்கும்போது எங்கள் காலும் அப்படித்தான். எங்கள் பைக்கின் சீட் முன்பக்கமே ஒரு சாண் அகலத்துக்கு மேலே இருந்தது. அதிலேயே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போய்விடுகிறது.

இன்னொன்றையும் பார்த்தேன். பெண்கள் ஓடுகிற ஸ்கூட்டி பெப் பிளஸ்ஸின் சீட் உயரம் கம்பனிக் கணக்கில் 768 மில்லிமீற்றர். டியோ 765. பிளட்டினா 100 பைக் 807. மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் வரும். ஆனால் பாருங்கள், "பெண்களுக்கு லேசு" என்கிற ஸ்கூட்டிக்கும் "ஆம்பிளையள் ஓடுற" பைக்குக்கும் இடையில் வெறும் 4 சென்ரிமீற்றர். ஒரு தீப்பெட்டியின் நீளம் கூட இல்லை. அந்த 4 சென்ரிமீற்றருக்காக எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறோம்!

எங்கள் எல்லோருக்கும் சைக்கிள் நினைவிருக்கும். வாப்பாவின் பெரிய சைக்கிளில் சீட்டில் இருக்க முடியாமல், பாருக்கு உள்ளால் ஒரு காலை விட்டு, உடம்பைச் சரித்துக்கொண்டு ஓடிப் பழகிய ஆட்கள்தான் வன்னியில் பாதிப்பேர். கொஞ்சம் வளர்ந்ததும் கடைக்காரர் சீட்டுக்குக் கீழே இருக்கிற ஒரு நட்டைத் தளர்த்தி, சீட்டைத் தட்டி இறக்கிவிடுவார். ஒரு நிமிச வேலை. ஆளுக்கு ஏற்ற மாதிரி சீட்டை ஏற்றலாம் இறக்கலாம் என்று சைக்கிளைச் செய்தவன் முதலிலேயே யோசித்துவிட்டான். மோட்டார் சைக்கிளில் அந்த நட் இல்லை. சில்லு மேலே கீழே ஆட இடம் வேண்டும், அதற்கு மேலே மட்கார்ட், அதற்கு மேலே சட்டம், அதற்கு மேலே சீட். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியதால் உயரம் ஒரே அளவாக நின்றுவிட்டது.

சைக்கிள் என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் கலெக்டராக இருந்தார். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். அவ்வளவு பேருக்கும் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை, ஆண்கள் ஓடுகிற பார் வைத்த சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு போக அந்தப் பார் வசதி என்று, பிறகு பல பெண்கள் அந்தச் சைக்கிளையே விரும்பினார்களாம். தங்களுக்கென்று செய்யாத பொருளைத் தங்களுடையதாக்கிவிட்டார்கள்.

எங்கள் ஊரிலும் இது புதிதல்ல. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எம்.டி. 90 தெரியாதவர் யார்? பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலை நாலு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய பைக் என்று மூத்தவர்கள் இன்றைக்கும் கதை சொல்வார்கள். அது ஜப்பானில் தபால்காரருக்காக ஹொண்டா செய்த பைக். அதன் மூதாதை 1958இல் வந்த சூப்பர் கப். நூடில்ஸ் கொண்டு போகிற கடைப் பையன் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் அதைச் செய்தார்கள். அதனால் கையில் கிளச் இல்லை. முன்னால் தாங்கி குறுக்கே நிற்காது. காலைத் தூக்கிச் சுற்றிப் போடாமலே ஏறலாம். உலகத்தில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற வண்டி அது. முதலில் ஓடப்போகிற ஆளை யோசித்தார்கள், பிறகு வண்டியைச் செய்தார்கள்.

எங்கள் வீட்டுப் பைக்கில் பெண்ணை யோசித்துச் செய்தது என்ன இருக்கிறது என்று ஒரு நாள் சுற்றிப் பார்த்தேன். ஒன்று இருந்தது. பின் சில்லின் இடது பக்கம் பூட்டியிருக்கிற சாரி கார்ட். பின்னால் இருக்கிற பெண்ணின் சேலை சில்லுக்குள் போகாமல் காக்கிற கம்பி. இந்தியாவில் சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விசயம், எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். ஆனால் அதைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. பைக்கைச் செய்தவர்கள் பெண்ணை மறக்கவில்லை. பின் சீட்டில் மட்டும் யோசித்திருக்கிறார்கள்.

சரி, என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கிற அண்ணா ஒருவரிடம் பைக்கைக் கொண்டுபோனேன். "அண்ணா, பதிக்க வேணும்" என்றேன். அவர் என்னை ஏறி இருக்கச் சொன்னார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரீச்சர், எல்லாரும் வந்து சொக்கைக் கட்டையாப் போடு, ஸ்பிரிங்கை வெட்டு எண்டுதான் சொல்லுறவை. நீங்கள் அதைக் கேக்காதேங்கோ. முதல்ல சீட்டில கைவைப்பம்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். என் பாடசாலையில் இன்னொரு ரீச்சருக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அவவின் பைக்கை வேறு ஒரு இடத்தில் பின் சொக்கை மட்டும் கட்டையாகப் போட்டு 5 சென்ரிமீற்றர் பதித்துக் கொடுத்திருந்தார்கள். கால் நன்றாக எட்டியது. ஆனால்:

சைட் ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருந்தது. பைக் பதிந்ததும் ஸ்டாண்ட் கூட நீளமாகிவிட்டது. இடது பக்கம் சரிந்து நிற்க வேண்டிய பைக் நேராக நின்றது. பாடசாலை முற்றத்தில் சின்னக் காற்றுக்கே வலது பக்கம் விழுந்தது. நல்ல காலம், பக்கத்தில் பிள்ளைகள் நிற்கவில்லை.

மெயின் ஸ்டாண்டிலும் அதே கதை. பைக்கை முன்னையை விடக் கூட உயர்த்தினால்தான் ஸ்டாண்டில் ஏறும். கட்டையான ஆளுக்கு லேசாக்கப் போய் இன்னும் பாரமாக்கியதுதான் மிச்சம்.

பின்பக்கம் மட்டும் பதிந்ததால் முன்பக்கம் தூக்கியது. இரவில் லைற் எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்தது. ஹாண்டில் திருப்ப மந்தமாக இருந்தது.

பின்னால் ஆள் ஏறிப் பள்ளத்தில் விழுந்தால் ரயர் மட்கார்ட்டில் உரசியது. குளக்கட்டால் இறங்கும்போது ஸ்டாண்ட் நிலத்தில் அடித்தது. எங்கள் ரோட்டில் பைக்குக்குக் கீழே இருக்கிற அந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது இதை விட மோசம். ஸ்பிரிங்கின் சுற்றுக் குறைந்தால் அது கட்டையாவதோடு இறுக்கமும் கூடும். ஆடுவதற்கு இடமும் இல்லை, மெதுமையும் இல்லை. ஒவ்வொரு பள்ளமும் நேரே முதுகெலும்புக்கு வரும்.

ஒரு இடத்தை மாற்றினால் நாலு இடத்தில் கணக்கு மாறும். சமன்பாட்டில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்று தரம் 7 பிள்ளைக்குத் தெரியும். சொக்கை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றினால் முன் போர்க், இரண்டு ஸ்டாண்ட், லைற், செயின் இழுவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு அண்ணா செய்தது மூன்று வேலை.

முதலாவது சீட். ஆனால் வீட்டுப் பைக்கின் சீட்டை வெட்டவில்லை. "அது மாத்தையாவின்ரை. அவர் வந்தா அவருக்கு வேணும்" என்று அண்ணாவே சொன்னார். அதே மாடலின் பழைய சீட் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். உறை கிழிந்தது, அதனால் மலிவு. அதைக் குசன் கடையில் ஒரு வயதான ஐயாவிடம் கொடுத்தோம். அவர் என்னைச் சீட்டில் இருத்தி, சோக்கால் இரண்டு கோடு போட்டார். பஞ்சின் மேல்பக்கத்தில் 3 சென்ரிமீற்றர் எடுத்தார். அதை விட முக்கியமாக, முன்பக்கம் தொடை படுகிற இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவினார். முன்னால் ஒரு சாணுக்கு மேலே இருந்த அகலம் ஒரு சாணை விடக் குறைந்தது. அந்த ஓரம் சீவினதில் மட்டும் 2 சென்ரிமீற்றர் கிடைத்தது. கவராயக் கணக்கு ஞாபகம் இருக்கிறதுதானே?

ஐயா மூன்று புத்தி சொன்னார். பஞ்சைக் குறைத்தால் அடியில் இருக்கிற தகடு குத்தும், அதனால் இருக்கிற இடத்தில் அடர்த்தியான பஞ்சை ஒட்ட வேண்டும். சீட் ராங்கிப் பக்கம் சரிவாக வரக்கூடாது, வந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சறுக்குவோம். உறைக்குக் கீழே பொலித்தீன் போட வேண்டும், இல்லாவிட்டால் தையல் ஓட்டையால் மழைத் தண்ணீர் இறங்கிப் பஞ்சு ஊறி, வெயில் அடிக்கிற நாளிலும் உடுப்பு நனையும். மூன்றும் அனுபவத்தில் சரி.

இரண்டாவது, பின் ஸ்பிரிங். சொக்கின் அடியில் படி படியாக ஒரு வளையம் இருக்கிறது. இவர் சாமான் ஏற்றுகிறவர் என்பதால் இறுக்கமான படியில் வைத்திருந்தார். 48 கிலோ ஆளுக்கு அது எதற்கு? அண்ணா சாவி போட்டு அதைத் தளர்ந்த படிக்குத் திருப்பினார். இன்னுமொரு சென்ரிமீற்றர் அமுங்கியது. ஒரு சதச் செலவில்லை. பின்னால் ஆளை ஏற்றுவதென்றால் திரும்ப இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, முன் போர்க். பின்பக்கம் ஒரு சென்ரிமீற்றர் பதிந்ததால் முன் போர்க் குழாய் இரண்டையும் பிடியில் தளர்த்தி அதே ஒரு சென்ரிமீற்றர் மேலே ஏற்றி இறுக்கினார். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகு முன்னால் அழுத்தி அழுத்தி ரயர் எங்கேயாவது முட்டுதா என்று பார்த்தார், லைற்றையும் பார்த்தார். இவ்வளவு சின்ன மாற்றம் என்பதால் ஸ்டாண்ட் இரண்டையும் தொட வேண்டி வரவில்லை.

எல்லாம் சேர்ந்து 6 சென்ரிமீற்றர். இப்போது இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் உறுதியாகப் படுகிறது. குதி படவில்லை. பட வேண்டிய தேவையும் இல்லை. மொத்தச் செலவு, நான் ஒரு மாதம் ஓட்டோவுக்குக் கொடுத்ததை விடக் குறைவு.

ஆனால் பைக்கைப் பதித்தது பாதி வேலைதான். மிச்சப் பாதி பழக்கம். தம்பியோடு மைதானத்தில் இரண்டு கிழமை பழகினேன். கட்டையான ஆட்கள் தெரிந்திருக்க வேண்டிய சிலதை எழுதுகிறேன்.

நிற்கும்போது இரண்டு காலையும் ஊன்றத் தேவையில்லை. ஒரு கால் போதும். சீட்டில் கொஞ்சம் ஒரு பக்கம் நகர்ந்து ஒரு காலை முழுதாக ஊன்றினால், இரண்டு விரல் நுனியில் தள்ளாடுவதை விட நூறு மடங்கு உறுதி.

எங்கள் தார் ரோட்டு நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும், தண்ணீர் ஓடுவதற்காக. நாங்கள் இடது பக்கம் ஓடுகிறோம். ஆக இடது காலுக்கு நிலம் எப்போதும் கொஞ்சம் தாழ்வு. உயரமானவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எங்களுக்கு அந்த இரண்டு சென்ரிமீற்றர்தான் விழுவதும் நிற்பதும். அதனால் எங்கே நிற்பது என்று 20 மீற்றருக்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தைத் தவிர்த்து மேடான இடத்தில் நில்லுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றவும் பழகுங்கள்.

இறுக்கமான இடத்தில் பைக்கைத் திருப்ப வேண்டுமென்றால் இறங்கித் தள்ளித் திருப்புங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. மாலையில் மாடு படுத்திருக்கிற ரோட்டிலும், யானை நிற்கக்கூடிய காட்டு ரோட்டிலும், நின்று திருப்பத் தெரிவது வேகமாக ஓடத் தெரிவதை விடப் பெரிய விசயம்.

மெயின் ஸ்டாண்டில் ஏற்றும்போது கையால் தூக்காதீர்கள். ஸ்டாண்டின் மிதியில் காலை வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்து ஏறி மிதியுங்கள். கை சும்மா பிடித்துக்கொண்டால் போதும். பைக் தானாகப் பின்னால் ஏறும். கிக்கர் அடிக்கிற பைக் என்றால், இப்படி ஸ்டாண்டில் போட்டுவிட்டு அடிப்பது லேசு.

உடுப்பைப் பற்றிச் சகோதரிகள் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். நான் அபாயாவோடுதான் ஓடுகிறேன். உள்ளே தடித்த காற்சட்டை. அபாயாவின் அடி அகலமாக இருக்க வேண்டும், ஆனால் தொங்கக்கூடாது. இருந்ததும் இரண்டு பக்க ஓரத்தையும் முன்னால் எடுத்துத் தொடைக்குக் கீழே செருகிக்கொள்வேன். செயின் முழுதாக மூடியிருக்கிற கவர் கட்டாயம். சாரி கார்ட்டைக் கழற்றாதீர்கள். அது முன்னால் இருக்கிற பெண்ணையும் காக்கும். ஹெல்மட் போடும்போது ஹிஜாபில் பின் குத்தாதீர்கள், விழுந்தால் தலையில் ஏறும். உள்தொப்பி போட்டுச் சுற்றிக் கட்டினால் போதும்.

"பொம்பிளைப் பிள்ளை மோட்டார் சைக்கிளா?" என்று சிலர் முகம் சுழித்ததும் உண்டு. நேரே சொன்னவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை, வாப்பா சொன்னார். "நாலு மாசம் ஓட்டோக்காரனோட தனியப் போகேக்க ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. இரண்டு மாசம்தான் வாப்பா என்று நான் திருத்தவில்லை!

ஏன் இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். என் பழைய பாடசாலையில் ஆரம்பப் பிரிவில் ஒரு பிள்ளை எப்போதும் கதிரையில் முழங்காலில்தான் இருந்து எழுதும். "ஒழுங்கா இரு" என்று எல்லோரும் அதட்டுவார்கள். ஒரு நாள் பார்த்தால் கதிரை பெரிய வகுப்பிலிருந்து வந்தது. ஒழுங்காக இருந்தால் அந்தப் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கும், கை மேசைக்கு எட்டாது. கதிரையை மாற்றினோம். அதன் பிறகு ஒருவரும் அதட்டத் தேவை வரவில்லை. பிள்ளையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

பெரியவர்களான பிறகும் எங்களில் பலர் அந்தப் பிள்ளை மாதிரித்தான். ஒரு பொருள் பொருந்தாவிட்டால் "எனக்கு எட்டாது, எனக்குச் சரிவராது" என்று எங்களையே சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறோம். எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து பார்ப்பதில்லை. என்னுடைய கணக்கில் அது வெறும் ஆறு சென்ரிமீற்றர். அந்த ஆறுக்குள்தான் என் முதலாம் பாடம் இருந்தது. முதலாம் பாடத்துக்கு ரீச்சர் இல்லாமல் இருந்த 27 பிள்ளைகள் இருந்தார்கள்.

போன விடுமுறையில் இவர் வந்து நின்றார். பழைய சீட் அரிசிச் சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருந்தது. இரண்டு போல்ட், ஐந்து நிமிச வேலை. "மாத்தித் தரவா?" என்று கேட்டேன். "இருக்கட்டும், உங்களுக்குத்தானே நாளைக்கு ஸ்கூல்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி இருந்தார். ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கிவிட்டுப் போனோம். பட்டாணிச்சூர் சந்தியில் சிரித்தவர்களுக்கு அவர் கையும் காட்டினார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சகோதரர்களே, வீட்டில் தங்கச்சியோ மனைவியோ பைக்கைப் பார்த்துக் கேட்டால், "உனக்கு எட்டாது" என்று உடனே சொல்லாதீர்கள். இஞ்சி ரேப்பை எடுங்கள். காலை அளவுங்கள், சீட்டை அளவுங்கள், கழித்துப் பாருங்கள். ஐந்தாறு சென்ரிமீற்றருக்குள் என்றால் சீட்டிலும் ஸ்பிரிங்கிலுமே முடியும். அதற்கு மேலே என்றால் கட்டாயப்படுத்தாமல் வேறு வண்டி பாருங்கள். பழைய சீட் ஒன்றைத் தேடி அதில் வெட்டுங்கள். சொக்கையோ போர்க்கையோ தொடுவதென்றால் காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுங்கள். லைசன்ஸ் எடுக்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

அளப்பதற்கு உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில்தான் நிற்பேன். ரேப் என்னிடம் இருக்கிறது.